முன்னே போனவன்

செட்டிகுளம்
12.05.1998

தோளாளி நல்லதம்பிக்கு,

காத்தமுத்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். கோழி கிளறின மாதிரி என்று நீ பழித்த அதே கையெழுத்துத்தான். தொண்ணூற்றாறு ஆடியில் பரந்தன் சந்தியில் உன்னோடு தேத்தண்ணி குடித்துவிட்டு, "வீட்டில ரெண்டு மூட்டை நெல்லுக் கிடக்குது, கட்டிக்கொண்டு பின்னால வாறன்" என்று சைக்கிளைத் திருப்பினேன் அல்லவா. நெல்லும் போயிற்று, சைக்கிளும் போயிற்று. வாசலில் வைத்தே ஆமி என்னைப் பிடித்துக்கொண்டது.

இருபது மாதம் உள்ளே இருந்தேன். அதைப் பற்றித் தபாலில் எழுதுவதற்கில்லை. இடது காது கேட்காது. முன்பல் மூன்று இல்லை. மற்றபடி ஆள் முழுசு. இப்போது செட்டிகுளத்தில் ஒரு முகாமில் விட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கையெழுத்து வைக்கவேண்டும். பாஸ் இல்லாமல் வவுனியாவுக்கே போகமுடியாது, பிறகு உங்கள் பக்கம் வருவதெங்கே. பகலில் ஹலீம் நானாவின் வயலில் வேலை செய்கிறேன். அவரும் தொண்ணூறில் முல்லைத்தீவை விட்டு ஒரு பையோடு வந்தவர்தான்.

முந்தாநாள் வரப்பில் இருந்து சோறு தின்னும்போது என் தோள் தழும்பைக் கண்டு என்னவென்று கேட்டார். பாடைக் கம்பு அழுத்தினது என்றேன். முழுக் கதையையும் கேட்டுத்தான் விட்டார். மலையில் ஒரு தோட்டத்தில் இருபத்தோராம் ஆண்டு காய்ச்சலில் செத்த ஒருவனை, அவரவர் சாதிக்காரனைத்தான் அவரவர் தூக்குவோம் என்று இரண்டு நாள் லயத்து அறையிலேயே போட்டிருந்தார்கள் என்றும், ஒன்பது வீட்டிலிருந்து ஒன்பது பேர் வந்து ஒரே பாடைக்குத் தோள் கொடுத்தார்கள் என்றும், அதுதான் எங்கள் ஒரு தோள் சங்கம், கலவரத்தில் மலையை விட்டு வன்னிக்கு வந்தபோதும் அதைக் கைவிடவில்லை என்றும் சொன்னேன். எங்களுக்குள் அண்ணன் தம்பி இல்லை, ஐயா இல்லை, எல்லாரும் தோளாளி, எல்லாருக்கும் 'நீ'தான், எங்கள் ஆளையும் எங்கள் ஆளின் பெண்சாதியையும் வண்டியில் ஏற்றமாட்டோம் என்றும் சொன்னேன். "நல்ல சங்கம்தான். ஆனா செத்தாத்தான் பிரயோசனம் போல" என்றார். சிரிக்க வைத்துவிட்டார் மனுசன்.

பேச்சியம்மாவும் பிள்ளையும் எங்கே? அக்கராயன் சனம் முழுக்க மல்லாவிப் பக்கம் என்று இங்கே ஒருவர் சொன்னதை நம்பித்தான் இதைப் போடுகிறேன். நான் பிடிபடும்போது சுமித்திராவுக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. இப்போது ஓடித் திரிவாள். பேச்சிக்கு வாசிக்கத் தெரியாது, நீதான் வாசித்துக் காட்டவேண்டும். முதலில் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மற்றதை வாசி. அவள் பொறுமையில்லாதவள்.

சங்கப் பெட்டியில், சாகும்போது என்னைப் போர்த்தவென்று வைத்த என் துண்டு இருக்கும். என் இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே.

தோளாளி
காத்தமுத்து


மல்லாவி
25.09.1998

திரு. காத்தமுத்து அவர்களுக்கு,

உங்கள் கடிதம் மூன்று மாதம் கழித்துக் கைக்கு வந்தது. பதில் எழுதி இரண்டு தரம் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

நீங்கள் உயிரோடு இருப்பது பற்றி மகிழ்ச்சி. பேச்சியம்மாவும் பிள்ளையும் சுகம். எங்கள் கொட்டிலுக்கு அடுத்த கொட்டிலில் இருக்கிறார்கள். பிள்ளைக்கு இரண்டு முறை மலேரியா வந்து மாறிவிட்டது. நன்றாகக் கதைக்கிறாள்.

உங்களிடம் சில வேண்டுகோள்கள். இனித் தபாலில் எழுதவேண்டாம். இதைக் கொண்டுவரும் பத்மாசனி டீச்சர் பரீட்சை வேலையாக இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வவுனியாவுக்கு வந்து போகிறவர். அவரிடம் பதிலைக் கொடுங்கள். ஆனால் உங்கள் பெயரைச் சொல்லவேண்டாம். செட்டிகுளத்து ஆள் என்றால் போதும். இங்கே உள்ள வேறு யாருக்கும் எழுதவேண்டாம்.

பேச்சியம்மாவுக்கு உங்கள் கடிதத்தை இன்னும் வாசித்துக் காட்டவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதை எழுத எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
க. நல்லதம்பி


செட்டிகுளம்
18.11.1998

நல்லதம்பி,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பதினெட்டு வருடம் ஒரே கம்புக்கு முன்னால் நீ, பின்னால் நான். ஒரு நாளும் என்னை நீங்கள் என்றதில்லை. சங்கத்தில் அந்தச் சொல் வெளியாளுக்கு, இல்லாவிட்டால் விலக்கி வைத்தவனுக்கு. என்னை விலக்கிவிட்டீர்களா? எதற்கு? ஆட்காட்டி என்று யாராவது சொன்னார்களா? ஒருவன் பெயரையும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த மூன்று பல்லும் என் வாயில் இருந்திருக்கும்.

அது இல்லையென்றால் பேச்சி காரணமா? வேறு யாரோடும் போய்விட்டாளா? அப்படியென்றால் அதை எழுது, தாங்கிக்கொள்வேன். இருபது மாதம் செய்தி இல்லாதவனுக்காக ஒருத்தி காத்திருக்கவேண்டும் என்று சட்டமில்லை. நீயே வைத்துக்கொண்டாயோ என்றுகூட நினைத்தேன். நினைத்ததற்கு நான் வெட்கப்படமாட்டேன். நினைக்க வைத்தவன் நீ.

அடுத்த கொட்டில் என்கிறாய். அடுத்த கொட்டிலுக்கு எத்தனை அடி? பத்தா, பதினைந்தா? அந்தப் பதினைந்து அடி நடந்து போய், "உன்ர புருசன் இருக்கிறான்" என்று சொல்ல உனக்கு அவகாசம் வேண்டுமாம்.

சந்தையில் ஒரு மனுசி பச்சைச் சட்டை போட்ட பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போனா. பின்னாலேயே போனேன். என் பிள்ளை இல்லை என்று தெரிந்தும் போனேன். அந்த மனுசி பயந்து திரும்பிப் பார்த்தா. எனக்கு வந்திருக்கிற கதி அதுதான்.

டீச்சர் தை மாதம் வருவா என்கிறார்கள். அப்போது காரணம் வரவேண்டும். வராவிட்டால் டீச்சரிடம் என் முழுப் பெயரையும் சொல்லி, நேரே பேச்சியிடம் போய்ச் சொல்லச் சொல்லுவேன்.

காத்தமுத்து


மல்லாவி
10.01.1999

தோளாளி காத்தமுத்து,

நீ கேட்டது சரி. 'நீங்கள்' என்று எழுதினது உன்னை விலக்க அல்ல. உன்னை 'நீ' என்று எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நீ வராமல் போய் மூன்றாம் மாதம், ஐப்பசியில், நாங்கள் காட்டுக்கரையில் மரத்தடி மரத்தடியாக இருந்தபோது சன்னாசியைப் புடையன் பாம்பு கடித்தது. விடிவதற்குள் போய்விட்டான். பாலை மரத்துக்குக் கீழே கிடத்தினோம். நல்ல மழை. பாடை கட்டினோம், துண்டு போர்த்தினோம், பதினொரு பேரும் நின்றோம். ஒருவனும் கம்பில் கை வைக்கவில்லை.

ஏன் என்று உனக்கே விளங்கும். முன்னே போனவனைத் தூக்காமல் பின்னே போனவனைத் தூக்கக்கூடாது. தூக்கினால் பின்னவன் போய்ச் சேரமாட்டான், நடுவழியில் நிற்பான். தோட்டத்தில் ஆற்றோடு போனவனை விட்டுவிட்டு அடுத்தவனைத் தூக்கின வருசம் எத்தனை வீட்டில் சாவு விழுந்தது என்று பெரியவர்கள் நமக்குச் சொன்னதுதானே. முன்னே போனவன் நீ. நீ இருக்கிறாயா இல்லையா என்று ஒருவனுக்கும் தெரியாது. ஒன்றில் நீ வந்து முகம் காட்டவேண்டும். இல்லாவிட்டால் உன் முகத்தைக் கண்டவன் கம்பில் கை வைத்துச் சொல்லவேண்டும், அப்போது வெறும்பாடை தூக்கலாம்.

இரண்டு நாள், காத்தமுத்து. பக்கத்தில் இருந்த சனம் உழவு மெசினைத் தருகிறோம் என்றார்கள். வீரம்மா வேண்டாம் என்றுவிட்டா. "எம் புருசன் முப்பது வருசம் ஊரான் பொணத்தத் தூக்குனாரு, அவர மெசின்ல ஏத்துவனா" என்றா. இரண்டாம் நாள் பின்னேரம் அவவே என் முன்னால் வந்து நின்றா. "அவர் மூஞ்சியில மழை விழுகுதுய்யா. ஈ மொய்க்குது. ஒங்க சட்டத்துக்கு ஒரு வழி பாருங்க" என்றா.

நான் கம்பில் கை வைத்தேன். "கண்டேன், காத்தமுத்துவின் முகத்தைக் கண்டேன்" என்றேன். எங்கே என்றார்கள். பரந்தனில், தொழிற்சாலை மதில் ஓரம் என்றேன். நீ செத்திருப்பாய் என்றுதான் நான் நினைத்தேன். அன்று அந்தப் பக்கம் போனவர்களில் திரும்பினவர்கள் இல்லை. ஆனால் நினைத்தது வேறு, கண்டது வேறு. நான் காணவில்லை.

பேச்சியம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியாது. அழவில்லை. "அண்ணே, கண்ணு மூடியிருந்துச்சா?" என்று கேட்டா. மூடியிருந்தது என்றேன். பிறகுதான் தாலியைக் கழற்றினா.

உன் துண்டை வெறும்பாடையில் வைத்து முதலில் உன்னைத் தூக்கினோம். பின்னாலேயே சன்னாசியைத் தூக்கினோம். உன் துண்டு எரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இளையதம்பி ஷெல்லில் போனான், அவனையும் தூக்கினோம். போன வைகாசியில் வீரம்மாவையும் தூக்கினோம். மூன்று பேர் உனக்குப் பின்னால் போயிருக்கிறார்கள்.

இப்போது நீ முகம் காட்டினால் அந்த மூன்று பேரும் போய்ச் சேரவில்லை என்றாகும். நீ உண்மையில் செத்து, உன்னைத் தூக்கும்வரை அவர்கள் வழியில் நிற்கவேண்டும். அந்த இரண்டு வீட்டுக்கும் நான் போய் இதைச் சொல்லவேண்டும். பொய்யாகக் கம்பில் கை வைத்தவனுக்கு என்ன என்பதும் உனக்குத் தெரியும். அவன் பாடைக்குத் தோள் இல்லை. பேச்சியம்மாவிடம் சொல்லிவிட்டு மற்றவர்களுக்கு மறைக்கலாம் என்று யோசித்தேன். அவவுக்கு மறைக்கத் தெரியாது, தாலியை எடுத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவா. இதுதான் காரணம். வேறு ஒன்றுமில்லை.

நல்லதம்பி


செட்டிகுளம்
07.03.1999

நல்லதம்பி,

வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன். என்னைத் தூக்கிவிட்டீர்களாம். ஹலீம் நானா பக்கத்தில் நின்று, "என்ன காத்தமுத்து, நல்ல செய்தியா" என்றார். ஓம், என்ர செத்தவீடு நல்லா நடந்ததாம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பிறகு வரப்பில் இருந்து அழுதேன், அதுவும் அவருக்கு விளங்கவில்லை.

சன்னாசியை மழையில் பார்த்துக்கொண்டு நிற்க உன்னால் முடியவில்லை. அதில் நான் குறை சொல்லமாட்டேன், நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அது தொண்ணூற்றாறு. என் கடிதம் கைக்கு வந்த பிறகு நீ செய்ததற்கு என்ன பெயர்? அரை வருடமாக ஒருத்தி வெறும் கழுத்தோடு உன் கண் முன்னால் தண்ணி அள்ளுகிறாள். நீ அவளைப் பார்த்துக்கொண்டு என் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறாய்.

மூன்று பேர் வழியில் நிற்பார்கள் என்கிறாய். நிற்கட்டும். சன்னாசி உயிரோடிருந்த காலத்தில் ஒரு கூட்டத்துக்காவது நேரத்துக்கு வந்தானா? இளையதம்பி போகிற வழியில் நாலு பேரோடு கதைத்துக்கொண்டு நிற்கிற ஆள்தான். வீரம்மா மட்டும் கோபிப்பா, நான் வந்து சேரும்போது அவவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுகிறேன். இல்லை, நான் சுறுக்காகச் செத்தால் எல்லாருக்கும் நல்லது என்கிறாயா? அதையும் நேராகச் சொல்.

எனக்கு இந்த வழி, வாசல், வரிசை ஒன்றிலும் நம்பிக்கை இருந்ததில்லை. உனக்கும் தெரியும். பதினெட்டு வருடம் நான் கம்பு தூக்கினது, தூக்க ஆள் இல்லாமல் ஒரு மனுசன் கிடக்கக்கூடாது என்பதற்காக. செத்தவனுக்காக உயிரோடிருக்கிறவனைப் புதைக்கவேண்டும் என்று அந்த ஒன்பது பேரும் சொல்லவில்லை.

இதற்குள் இன்னொரு கடிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். அது பேச்சிக்கு. சித்திரை வருடப்பிறப்புக்கு முன் அவளைக் கூட்டி வைத்து உடைத்து வாசி. உனக்குத் தோள் இல்லாமல் போனால் நான் ஒருவன் போதும், முதுகில் போட்டுக்கொண்டு போவேன். அதற்காகப் பயந்து என் வீட்டைக் கெடுக்காதே.

காத்தமுத்து


செட்டிகுளம்
15.08.1999

நல்லதம்பி,

பாதை மூடிக் கிடக்கிறது. டீச்சரையும் காணவில்லை. அதனால் தபாலில் போடுகிறேன், யார் உடைத்து வாசித்தாலும் வாசிக்கட்டும். வருடப்பிறப்புப் போய் நாலு மாதம். சொன்னாயா? ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் எழுது.

காத்தமுத்து


அக்கராயன்
22.01.2000

காத்தமுத்து,

எப்படித் தொடங்கினாலும் இதே இடத்துக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. பேச்சியம்மா மார்கழி இருபத்தோராம் தேதி இறந்துவிட்டா. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது. சைக்கிள் கரியரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மருந்து முடிந்து பத்து நாளாம். நாலாம் நாள் முடிந்துவிட்டது.

உன் கடிதம் சித்திரைக்கு முன்னமே வந்துவிட்டது. பேச்சிக்கு நீ எழுதினதை ஒட்டினபடியே திருப்பி அனுப்புகிறேன். உடைக்கவில்லை.

ஒரு முறை வாசிக்கத்தான் போனேன். ஆனி மாதம். அவ சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. நான் போய்க் குந்தினதும் அவவே கதையைத் தொடங்கிவிட்டா. பக்கத்துக் கொட்டிலில் ஒரு தாய் மகனைத் தேடி ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக அலைகிறா, அந்தக் கதை. "இருக்கானா இல்லையான்னு தெரியாம அந்தப் பொம்பள படுற பாட்டப் பாருங்கண்ணே. எனக்கு அந்தக் கொடுமை இல்ல. நீங்க கண்டீங்க, தூக்குனீங்க, அவரு போய்ச் சேந்துட்டாரு" என்றா. கடிதம் பைக்குள்ளேயே இருந்தது. அவவின் நிம்மதியைக் கெடுக்கக்கூடாது என்று எழும்பி வந்துவிட்டேன்.

அது பொய். அவவின் நிம்மதி இல்லை காரணம். நீ இருக்கிறாய் என்று சொன்னால் அவ ஆடியிருப்பா. நான் பயந்தது என் தோளுக்கு. சன்னாசி கிடந்த மாதிரி நான் கிடப்பேன், ஒருவனும் கை வைக்கமாட்டான் என்ற பயம். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு வேறு ஒரு பயமும் இல்லை, அது ஒன்றுதான். அதற்காக உன் பெண்சாதிக்கு உன்னை மறைத்தேன்.

கடைசியில் சொன்னேன். மூன்றாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் விட்டது. காதுக்குக் கிட்டப் போய், "பேச்சி, காத்தமுத்து சாகேல்லை. செட்டிகுளத்தில இருக்கிறான். கடிதம் வந்தது" என்றேன். என் முகத்தை வடிவாகப் பார்த்தா. "சும்மா இருங்கண்ணே. சாகப் போறவளுக்கு ஆறுதல் சொல்றீங்களா? நீங்கதான அவர் மொகத்தப் பாத்தீங்க. நீங்க பொய் சொல்ற ஆளா?" என்றா. கடிதத்தை எடுத்துக் காட்டினேன். எழுத்துத் தெரியாத ஆளுக்கு அது வெறும் கடதாசிதானே. "என்னய மெசின்ல ஏத்தாதீங்க. அவரத் தூக்குன மாதிரியே அவருக்குப் பின்னாலயே தூக்கிட்டுப் போங்க. அவரு முன்னால போய்ட்டாரு, எனக்கு அது போதும்" என்றா. பிறகு பேச்சு இல்லை.

நான் கம்பில் கை வைத்துச் சொன்ன பொய்யை நம்பினா. கட்டிலடியில் சொன்ன உண்மையை நம்பவில்லை.

அவவைத் தூக்கினோம். முன் கம்பு நான். மூன்றாகக் கிடந்த வரிசை நாலாகிவிட்டது.

பிள்ளை எங்களோடு இருக்கிறாள். ஊருக்குத் திரும்பி வந்துவிட்டோம், இந்த மாதம் இங்கே முதலாம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம், எழுத்துக்கூட்டத் தொடங்கிவிட்டாள். வகுப்பில் தகப்பன் இல்லாத பிள்ளைகள் பாதிக்கு மேல். "எங்கட அப்பாவைத் தோளில தூக்கினவை" என்று இவள் அவர்களுக்குச் சொல்லிப் பெருமைப்படுகிறாள்.

சித்திரைப் பௌர்ணமிக்குச் சங்கம் கூடும். நான் எழுந்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். என்னை விலக்கட்டும். அந்த இரண்டு வீட்டுக்கும் போய்க் காலில் விழுவேன். பாதை திறந்ததும் நீ வந்து உன் பெயரை எடுத்துக்கொள், உன் பிள்ளையை எடுத்துக்கொள். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. டீச்சர் திரும்பி வரும்போது, சொல்லு என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பு. அதற்காகக் காத்திருக்கிறேன்.

நல்லதம்பி


செட்டிகுளம்
02.04.2000

நல்லதம்பி,

மன்னிப்பு இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு எதிர்பார்க்கவேண்டாம். ஆனியில் அந்தச் சுளகடியில் இருந்து எழும்பி வந்தாயே, அதை மன்னிக்க என்னால் முடியாது. ஐந்து மாதத்துக்கு முன் கடிதம் கிடைத்திருந்தால் அவள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு காட்டுவழியே என்றாலும் இங்கே வந்து நின்றிருப்பாள். இங்கே மருந்து இருக்கிறது. முகாமில் மலேரியா மருந்தை வாளியில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

ஆனால் சித்திரைப் பௌர்ணமிக்கு நீ வாய் திறக்கக்கூடாது.

நான் எழுதினது நினைவிருக்கிறது. மூன்று பேரும் வழியில் நிற்கட்டும் என்று பகிடி விட்டேன். இப்போது நாலாவதாக அவள் போயிருக்கிறாள், எனக்குப் பின்னால் போகவேண்டும் என்று கேட்டுப் போயிருக்கிறாள். நான் வந்து முகம் காட்டினால், அவள் நம்பினபடி பார்த்தால், நான் சாகும்வரை அவள் வழியில் நிற்கவேண்டும். என் அப்பன் எண்பத்தொரு வயதுவரை இருந்தான். எனக்கு இப்போது நாற்பத்தாறு.

இதை நான் நம்புகிறேனா என்று கேட்காதே. இரண்டு மாதமாக என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பகலில் விசர்க்கதை என்று தெரிகிறது. ஆனால் அவள் பொறுமையில்லாதவள், நல்லதம்பி. பஸ்ஸுக்குக்கூட நிற்கமாட்டாள், நடப்போம் என்பாள். ஒருவேளை அது உண்மையாக இருந்துவிட்டால் என்ற ஒரு நினைப்புப் போதும், என்னால் சோறு தின்ன முடியவில்லை. கடைசியாக ஒன்றுதான் கேட்டிருக்கிறாள். அதையாவது அவளுக்குக் கெடுக்காமல் விடுகிறேன். நான் செத்தவனாகவே இருக்கிறேன்.

உனக்கும் தோள் கிடைக்கும். ஊர் கூடித் தூக்கும், உத்தமன் என்று சொல்லித் தூக்கும். நீ அதைச் சுமந்துகொண்டு அதுவரை இரு.

இனிப் பிள்ளை. அவளை எனக்கு அனுப்பிவிடு. சுகமில்லாத பிள்ளை என்று பாஸ் எடுத்து டீச்சரோடு அனுப்பலாம், டீச்சரிடம் கேட்டுவிட்டேன், சம்மதம். டீச்சருக்கு நான் சொன்னது, பிள்ளையின் தகப்பனுக்கு ஒரு தமையன் செட்டிகுளத்தில் இருக்கிறான், பெயர் மாரிமுத்து என்று. ஹலீம் நானா வயலோரம் ஒரு கொட்டில் போட விட்டிருக்கிறார். அவர் மகள் றிம்ஸியா படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடமும் இருக்கிறது. காத்தமுத்து என்ற பெயர் இனி ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்துக்கு மட்டும். எழுத்துக்கூட்டுகிறாள் என்கிறாய், அதனால் அந்தப் பெயர் போட்ட கடதாசிகளை ஹலீம் நானா வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டேன்.

பேச்சியின் பெட்டியில் எங்கள் கலியாணப் படம் இருக்கும். அதில் என் பக்கத்தைக் கிழித்து எரித்துவிடு. தாயின் பக்கத்தை மட்டும் பிள்ளையிடம் கொடுத்தனுப்பு.

இரண்டு சட்டையும் மலேரியா அட்டையும் போதும். வழியில் பசிக்கும், ஏதாவது கட்டிக் கொடு. வெளிக்கிடுவதற்கு முன் ஒரு கிழமையாவது பெரியப்பா, பெரியப்பா என்று சொல்லிப் பழக்கு. இங்கே வந்து என்னைப் பார்த்ததும் என்ன கூப்பிடுவது என்று அவள் தடுமாறக்கூடாது.

இதற்குப் பதில் எழுதாதே.

இப்படிக்கு
சுமித்திராவின் பெரியப்பா